எதிர்ப்பு சக்திப் பொட்டலங்களும் இம்யூனோதெரபி ஊசியும்

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. முன்பெல்லாம் ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் வரும். இப்போது பொட்டலம். எங்கள் வீட்டுப் பட்டாலையில் இருக்கும் மர அலமாரியில் ஒரு தட்டு முழுக்க இப்படிச் சேர்ந்துபோனது: நிலவேம்பு, கபசுரக் குடிநீர்ப் பொடி, அமுக்கரா, காளான் மாத்திரை, பெயரே ஒட்டாத ஒரு பச்சைப் பொடி. எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம்தான், "எதிர்ப்பு சக்தி கூடும்."

அப்பச்சிக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, இடது கன்னத்தின் உள்பக்கம் கட்டி. வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த வயதிலிருந்தே வெற்றிலை, பாக்கு, புகையிலை. பிற்பாடு புகையிலையை விட்டுவிட்டார், பாக்கை விடவில்லை. பாக்கு மட்டும் போட்டால் ஒன்றும் ஆகாது என்று எங்கள் பக்கம் இன்னும் பலர் நம்புகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே பாக்கைத் தனியாகவும், புகையிலை சேராத தாம்பூலத்தையும்கூட, புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் வகையில் சேர்த்துவிட்டது.

மதுரையில் அறுவை சிகிச்சை, அதன் பிறகு ரேடியேஷன். எல்லாம் சரியாகிவிட்டது என்று மூச்சு விட்ட சமயத்தில் கழுத்தில் நெறிகட்டி, நுரையீரலிலும் சிறு புள்ளிகள். இனி அறுக்க முடியாது, உடம்பின் எதிர்ப்பாற்றலைக் கொண்டே புற்றைத் தாக்கவைக்கும் இம்யூனோதெரபி பார்க்கலாம் என்றார் டாக்டர்.

இதைக் கேட்டதும் அயித்தைக்கு ஒரே சந்தோஷம். "அதத்தானே நானும் சொல்லிக்கிட்டு இருக்கேன். அண்ணனுக்கு எதிர்ப்பு சக்தி இல்லாமத்தான் இது வந்துச்சு. டாக்டரும் அதுக்குத்தான் ஊசி போடுறாரு. நம்ம பொடியும் சேந்தா ரெட்டிப்பா வேலை செய்யும்." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அப்பச்சி மழையில் நனைந்தாலும் தும்ம மாட்டார். கொரோனா சமயத்தில் வளவில் எல்லோரும் படுத்தபோது எழுந்து நடமாடியவர் அவர் ஒருவர்தான். எதிர்ப்பு சக்தி இல்லாத உடம்பா அது? டாக்டரிடமே கேட்டேன். அவர் சொன்னதும், அதன்பின் நான் தேடிப் படித்ததும் சேர்ந்துதான் எங்களுக்கு அடுத்த ஒரு வருடத்தை ஓட்ட உதவியது. மருந்து என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் எதைக் கவனிக்க வேண்டும், எதற்குப் பதற வேண்டாம் என்று தெரிகிறது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் உடம்பில் கரு உள்ள ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருக்கும் புரதங்களைச் சின்னச் சின்னத் துணுக்குகளாக நறுக்கி, அதில் சிலவற்றை வெளிச்சுவரில் எடுத்துக் காட்டிக்கொண்டே இருக்கிறது. துணுக்கு ஒன்றில் எட்டு முதல் பத்து அமினோ அமிலங்கள் இருக்கும். அதைப் பிடித்துக் காட்டும் தாங்கிக்கு எம்எச்சி என்று பெயர். டி செல்கள் என்ற ரத்த வெள்ளணுக்கள் செல் செல்லாகப் போய் இதைத் தடவிப் பார்க்கின்றன. வைரஸ் புகுந்த செல் என்றால் வைரஸின் துணுக்கு வெளியே தெரியும். புற்றுச் செல் என்றால், மரபணு கெட்டதால் உருவான கோணல் புரதத்தின் துணுக்கு தெரியும். எம்எச்சி இல்லாமல் டி செல்லுக்குக் கண் தெரியாது என்று 1974-ல் கண்டு சொன்ன பீட்டர் டோஹர்ட்டிக்கும் ரோல்ஃப் சிங்கர்நாகலுக்கும் 1996-ல் நோபல் கிடைத்தது.

இதை அப்பச்சியிடம் சொன்னபோது, ஒட்டுப்போட்ட கன்னத்தோடு அவர் கேட்டது: "எந்த ஊரு, எந்தக் கோயிலுன்னு கேக்குறாப்புல சொல்லு."

அப்படியேதான். செட்டிநாட்டில் முன்பின் தெரியாத இரண்டு நகரத்தார் சந்தித்தால் இரண்டாவது கேள்வியிலேயே இளையாத்தங்குடியா, மாத்தூரா, வைரவன்பட்டியா என்று ஒன்பது கோயிலில் ஒன்று வந்துவிடும். நகரத்தார் ஒவ்வொருவரும் அதில் ஒரு கோயிலைச் சேர்ந்தவர், ஒரே கோயில் என்றால் பங்காளி. டி செல் கேட்பதும் அந்தக் கேள்விதான். சரியான பதில் சொன்னால் பங்காளி என்று விட்டுவிடும். பதில் கோணலாக இருந்தால் தீர்த்துவிடும். சில புற்றுச் செல்கள் எம்எச்சியையே ஒளித்துவைத்து வாயே திறக்காமல் நிற்கும். அப்படிப் பதில் சொல்லாதவர்களைத் தேடிப் பிடிப்பதற்கென்றே என்கே செல் என்று இன்னொரு வகை சுற்றுகிறது. ஆனால் மூன்றாவதாக ஒரு தந்திரம் இருக்கிறது. பதில் கோணல்தான், டி செல்லும் கண்டுபிடித்துவிட்டது, ஆனால் அந்தப் புற்றுச் செல் முன்னால் வந்து டி செல்லின் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம பங்காளிதானே, விடுங்க" என்கிறது. டி செல்லும் விட்டுவிடுகிறது.

அந்தப் பிடிக்கும் கைக்குப் பெயர் பிடி-எல்1. டி செல் பக்கம் பிடிபடும் கைக்குப் பெயர் பிடி-1. இதைப் புற்றுநோய் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. டி செல்கள் வெறி பிடித்து நம் உடம்பையே தாக்கிவிடக் கூடாது என்று உடம்பே வைத்திருக்கும் தடுப்பு இது. புற்றுநோய் அதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. டி செல்கள் நெஞ்சுக்கூட்டுக்குள் தைமஸ் என்ற சுரப்பியில் வளரும்போதே, சொந்த உடம்பைத் தாக்கக்கூடியவை பெரும்பாலும் அங்கேயே அழிக்கப்படுகின்றன. புற்றுச் செல் நம் உடம்பில் பிறந்தது, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நம் செல்தான். வித்தியாசமான அந்த ஒன்றிரண்டு துணுக்குகளை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். அதை முதலில் எடுத்துக் கொடுப்பது டென்ட்ரிடிக் செல்கள். கட்டியில் செத்து உதிர்ந்ததைப் பொறுக்கிக்கொண்டு பக்கத்து நெறிக்கு, அதாவது நிணநீர்க் கணுவுக்கு, போய், அங்கே காத்திருக்கும் டி செல்களுக்குக் காட்டுகின்றன. பொருந்தும் டி செல் பல மடங்காகப் பெருகி, ரத்தத்தில் வந்து கட்டிக்குள் நுழைந்து, பெர்ஃபோரின் என்ற புரதத்தால் புற்றுச் செல்லில் துளை போட்டு, கிரான்சைம் என்ற நொதியை உள்ளே செலுத்துகிறது. உள்ளே போனதும் அந்தச் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது.

இது எப்போதோ ஒருமுறை நடப்பதல்ல. கண்ணுக்குத் தெரியாமலே பல கட்டிகள் இப்படி முளையிலேயே கிள்ளப்படுகின்றன என்கிறார்கள். மாற்றுச் சிறுநீரகம் வைத்து, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்குச் சில புற்றுநோய்கள் அதிகம் வருவது அதற்கு ஒரு சாட்சி. கிள்ள முடியாதவற்றில் சில, பெருகவும் விடாமல் அழியவும் விடாமல் வருடக்கணக்கில் இழுபறியாகக் கிடக்கும். அந்தக் காலத்தில் எது ஒளியக் கற்றுக்கொள்கிறதோ அது தப்பித்து வளரும். அப்பச்சியின் கட்டி அப்படித் தப்பிய ஒன்று. அவர் உடம்பில் படைக்குக் குறைவில்லை. கட்டி அதை ஏமாற்றிக்கொண்டிருந்தது. அலமாரித் தட்டில் இருந்த எந்தப் பொடியும் அந்தக் கையை விடுவிக்கப் போவதில்லை.

மருந்து செய்வது அதை மட்டும்தான். நிவோலுமாப் என்பது ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட ஒன்றில் மட்டும் போய் ஒட்டும் புரதம். அது டி செல்லின் பிடி-1 மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. புற்றுச் செல் நீட்டும் கைக்குப் பிடிக்க இடம் இல்லை. மருந்து தானாக ஒரு புற்றுச் செல்லையும் கொல்வதில்லை. பிடி-1-ஐ 1992-ல் கண்டறிந்தது ஜப்பானின் கியோட்டோவில் தசுக்கு ஹோன்ஜோவின் ஆய்வகம். இதே போன்ற இன்னொரு தடுப்பான சிடிஎல்ஏ-4-ஐ விலக்கினால் கட்டி கரைகிறது என்று எலிகளில் காட்டியவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசன். இருவருக்கும் 2018-ல் நோபல்.

சரி, இவ்வளவு நல்ல மருந்து என்றால் எல்லோருக்கும் வேலை செய்ய வேண்டுமே? செய்வதில்லை. இதை டாக்டர் முதல் நாளே உடைத்துச் சொன்னார், அது நல்லதாகப் போயிற்று. கட்டிக்குள் டி செல்லே எட்டிப் பார்க்காதவர்களுக்கு, கையை விடுவித்துப் பயனில்லை. யாருக்கு வேலை செய்யலாம் என்று ஓரளவு ஊகிக்க, கட்டியில் பிடி-எல்1 எவ்வளவு இருக்கிறது என்று ஒரு பரிசோதனை செய்கிறார்கள். இதற்குப் புதிதாக வெட்ட வேண்டியதில்லை. முதலில் எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், அதைப் பிளாக் என்பார்கள். அறுவை சிகிச்சை ஓரிடம், மருந்து வேறிடம் என்று போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியோடு விட்டுவிடாமல், பிளாக் எந்த லேபில் இருக்கிறது, எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்று கேட்டு வையுங்கள். எழுதிக் கொடுத்தால் தருகிறார்கள். எங்களுக்கு அந்த எண் பயாப்சி ரிப்போர்ட்டின் மூலையில் இருந்ததால் தேடல் சுலபமாக முடிந்தது.

அடுத்தது பணம். முழு அளவு மருந்தின் விலையைக் கேட்டதும் ஆத்தா (எங்கள் அம்மா) பேச்சே இல்லாமல் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் டாக்டர் மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் ஆய்வைப் பற்றிச் சொன்னார். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். அவர்கள் மூன்று வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள், கூடவே மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோடினிப் என்று மூன்று மருந்துகள், வாய்வழியாக. குணப்படுத்தும் சிகிச்சைக்கு வழியில்லாத 151 தலை, கழுத்துப் புற்று நோயாளிகள். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதம். 20 மில்லிகிராம் ஊசியும் சேர்ந்தவர்களில் 43.4 சதவீதம். 2022 இறுதியில் முடிவு வெளியானது. நம் நாட்டு நோயாளிகளின் நிலைமையை நினைத்து நம் நாட்டு டாக்டர்கள் கேட்ட கேள்வி இது. எனக்கு இதில் பெருமை உண்டு. எல்லா வகைப் புற்றுக்கும் இந்தக் குறைந்த அளவு செல்லும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. உங்களுக்கு முழு அளவு எழுதியிருந்தால், "குறைந்த அளவுக்கு என் வகைப் புற்றில் ஆதாரம் இருக்கிறதா?" என்று கேட்பதில் தப்பில்லை.

அப்பச்சிக்கும் அந்த 20 மில்லிகிராம் ஊசியும் மாத்திரைகளும்தான். இந்த மருந்தின் சின்னக் குப்பியே 40 மில்லிகிராம். 20 போதும் என்றால் பாதி வீண். அதனால் மருத்துவமனையில் எங்களையும் பரமக்குடிப் பக்கத்திலிருந்து வரும் இன்னொரு பெரியவரையும் ஒரே நாளில் வரச் சொன்னார்கள். குப்பியை உடைத்தால் இருவருக்கும் பாதிப் பாதி, விலையும் பாதிப் பாதி. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவருக்கும் ஊசி தள்ளிப்போகும். அதனால் இரண்டு வீடுகளுக்கும் இடையே முந்தின நாள் ராத்திரி போன் பேசுவது வழக்கமாயிற்று. உங்கள் மருத்துவமனையில் இப்படி ஏற்பாடு இல்லையென்றால் நீங்களே கேட்டுப் பாருங்கள். நர்ஸ்களுக்கு யார் யார் அதே மருந்தில் இருக்கிறார்கள் என்று தெரியும்.

ஊசி நாளில் பெரிதாக ஒன்றும் இல்லை. முடி கொட்டவில்லை, வாந்தி இல்லை. வேடிக்கை அதன் பிறகுதான். தடுப்பை எடுத்துவிட்டால் டி செல்கள் கட்டியை மட்டுமா தாக்கும்? தோல், குடல், கல்லீரல், நுரையீரல், தைராய்டு, பிட்யூட்டரி என எங்கு வேண்டுமானாலும் கை வைக்கலாம். குறைந்த அளவில் இது குறைவு என்றாலும் இல்லை என்று இல்லை.

அப்பச்சி ஆயுசு முழுக்கக் கணக்கு எழுதியவர். டாக்டர் தினமும் குறித்து வையுங்கள் என்றதும் சிவப்பு அட்டைப் பேரேடு ஒன்று வாங்கி வரச் சொல்லி, பக்கத்தை நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று என்று எழுத ஆரம்பித்துவிட்டார். வரவில் சாப்பிட்டது: கஞ்சி ஒரு கிண்ணம், கும்மாயம் இரண்டு கரண்டி, இளநீர். பற்றில் வெளிக்குப் போனது எத்தனை தடவை, இருமல், அரிப்பு, தூக்கம், எடை. நாங்கள் சிரித்தோம். பிறகு அந்தப் பேரேடுதான் இரண்டு முறை கை கொடுத்தது.

முதலாவது, வயிற்றுப்போக்கு. சனிக்கிழமை ராத்திரி. பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். ஃபைலை நீட்டியும் பிரித்துப் பார்க்காமல், "வெயில் சூடு" என்று நிறுத்துகிற மாத்திரையும் ஒரு ஊசியும் எழுதினார்கள். ஊசி என்ன என்று கேட்டதற்கு "சத்துக்குத்தான்" என்று பதில். போடாமல் வந்து மதுரை நர்ஸுக்குப் போன் போட்டோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "வழக்கமா போறதவிட எத்தனை தடவை கூட?" பேரேட்டைப் பார்த்து உடனே சொல்ல முடிந்தது. வழக்கத்தைவிட நான்குக்குக் குறைவாகக் கூடினால் ஒரு நிலை, நான்கு முதல் ஆறு என்றால் அடுத்த நிலை, ஏழும் அதற்கு மேலும் என்றால் உடனே படுக்கையில் சேர்க்க வேண்டிய நிலை. எங்களுடையது நடுவில். இம்யூனோதெரபி குடலைத் தாக்கினாலும் இப்படித்தான் போகும், எர்லோடினிப் மாத்திரையாலும் இப்படித்தான் போகும், கெட்டுப்போன சாப்பாட்டாலும் இப்படித்தான் போகும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. முதலாவதற்கு ஸ்டீராய்டு வேண்டும், நிறுத்துகிற மாத்திரையை மட்டும் போட்டு மூடினால் உள்ளே குடல் புண்ணாகிக்கொண்டே போகும். மலப் பரிசோதனை செய்து, எர்லோடினிப்பை நிறுத்திப் பார்த்தார்கள். அடங்கிவிட்டது. பின்னர் அளவைக் குறைத்துத் தொடர்ந்தார்கள்.

அந்தச் "சத்து ஊசி" விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர்களில் அசதிக்கும் காய்ச்சலுக்கும் சர்வசாதாரணமாகப் போடும் ஊசிகளில் டெக்சாமெத்தசோன் இருப்பதுண்டு. அது ஸ்டீராய்டு, டி செல்களை அடக்குவது. ஒரு கையால் காசு கொடுத்து எழுப்பியதை இன்னொரு கையால் காசு கொடுத்துத் தூங்கவைப்பானேன்? தேவைப்படும்போது புற்றுநோய் டாக்டரே கொடுப்பார், அப்போது பயப்படாமல் போட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, சித்திரை மாதம். காரைக்குடிப் பக்கத்துச் சித்திரை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நடு மத்தியானம் அப்பச்சி முற்றத்து ஓரம் வந்து உட்கார்ந்து துண்டைப் போர்த்திக்கொள்கிறார். குரல் கரகரத்தது. எந்நேரமும் தூக்கம். பேரேட்டில் பற்றுப் பக்கத்தில் "வெளிக்குப் போகவில்லை" என்ற வரி அடிக்கடி வந்தது, அப்புறம் எழுத்தே கோணி, நடுநடுவே நாட்கள் விட்டுப்போயின. நோய் முற்றிவிட்டது என்று உறவுக்காரர்கள் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பினேன். டாக்டர் சொன்னது மூன்றே வார்த்தை, "டிஎஸ்எச் எடுத்துட்டு வாங்க." தைராய்டு எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அது. எகிறியிருந்தது. தைராய்டு படுத்துவிட்டது. இந்த மருந்தால் இருக்கலாம், முன்பு கழுத்தில் கொடுத்த ரேடியேஷனாலும் இருக்கலாம்.

தைராய்டு குறைவுக்கான தைராக்சின் மாத்திரை உடனே தரவில்லை. காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்து கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவைப் பார்த்த பிறகுதான் தந்தார். கார்டிசாலைச் சுரக்கும் அட்ரினலோ, அதைச் சுரக்கவைக்கும் பிட்யூட்டரியோ சேர்ந்து படுத்திருந்தால், கார்டிசாலைச் சரிசெய்யாமல் தைராக்சினை முதலில் கொடுப்பது உயிருக்கே ஆபத்து. இம்யூனோதெரபியில் இருக்கும் ஒருவருக்கு உள்ளூரில் யாராவது டிஎஸ்எச் மட்டும் பார்த்து மாத்திரை எழுதினால், கார்டிசால் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். மாத்திரை ஆரம்பித்து சில வாரத்தில் அப்பச்சி துண்டை எடுத்துவிட்டு ஆத்தாவோடு சண்டை போடத் தொடங்கினார். கையெழுத்தும் நேராகிவிட்டது.

பொட்டலங்கள் கதைக்கு வருகிறேன். அயித்தை கொண்டுவந்ததில் சீந்தில் கொடியும் ஒன்று. வடக்கே கிலாய் என்பார்கள். கொரோனா சமயத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று அதைக் குடித்தவர்களில் சிலருக்கு, தன் எதிர்ப்பாற்றலே கல்லீரலைத் தாக்குவது போன்ற பாதிப்பு வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கள் நிலையில் ரத்தத்தில் கல்லீரல் என்சைம் அளவு ஓரளவுக்கு மேல் ஏறினால் ஊசியை நிறுத்திவைப்பார்கள். அது மருந்தாலா, கொடியாலா என்று பிரித்துச் சொல்லவே முடியாமல் போகும். இதை அயித்தையிடம் பாட்டி வைத்தியத்தைக் குறை சொல்வதுபோலச் சொன்னால் எடுபடாது. "அயித்தை, ஊசி நிக்கக் கூடாதுல்ல" என்றேன். அது எடுபட்டது. "ஊசி முடியட்டும்டா தம்பி, அப்புறம் பாத்துக்கலாம்" என்று அவரே எடுத்துப் போனார்.

முதல் ஸ்கேனில் கழுத்து நெறி கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. டி செல்கள் போய்க் குவிவதாலும் சில சமயம் கட்டி வீங்கித் தெரியும். ஆனால் அது அபூர்வம், பெரும்பாலும் வளர்ச்சி என்றால் வளர்ச்சிதான் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். வலி குறைந்திருந்தது, எடை ஏறியிருந்தது என்பதால் நிறுத்தாமல் சில வாரம் கழித்து மறுபடி எடுத்தார்கள். நெறி சுருங்கியிருந்தது. நுரையீரல் புள்ளிகளில் ஒன்று மறைந்திருந்தது, மற்றது அப்படியே நின்றது. பரமக்குடிப் பெரியவருக்கு வேலை செய்யவில்லை. அதே குப்பி, அதே நாற்காலி வரிசை, அதே மாத்திரைகள். அவரை வேறு கீமோவுக்கு மாற்றினார்கள். இப்போது எங்கள் பாதியைப் பங்கிட வேறொருவர் வருகிறார், ஆனாலும் ஊசிக்கு முந்தின ராத்திரி பரமக்குடிக்குப் போன் போவது நிற்கவில்லை.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் ஆதார் கார்டு அளவில் ஓர் அட்டை எழுதிச் சட்டைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். மருந்தின் பெயர், கடைசி ஊசி போட்ட தேதி, "இது கீமோ அல்ல, இம்யூனோதெரபி" என்ற வரி, புற்றுநோய் டாக்டரின் போன் நம்பர், கேட்காமல் ஸ்டீராய்டு போட வேண்டாம் என்ற குறிப்பு. வெண்புள்ளி, சோரியாசிஸ், முடக்குவாதம் மாதிரி எதிர்ப்பாற்றல் சம்பந்தப்பட்ட பழைய நோய் இருந்தால் அதையும். மூச்சு வாங்கினாலோ, இருமல் புதிதாக வந்தாலோ, கண் மஞ்சளானாலோ அடுத்த ஊசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். ஃப்ளூ தடுப்பூசி போடலாம் என்றார்கள், உயிருள்ள கிருமி வைத்துத் தயாரித்த தடுப்பூசி என்றால் கேட்டுக்கொண்டுதான் போட வேண்டும். ஊசி முழுவதும் முடிந்த பிறகும் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மருந்து நின்று பல மாதம் கழித்தும் பக்கவிளைவு தலைகாட்டலாம். அப்போது பார்க்கிற டாக்டருக்கு இப்படி ஒரு ஊசி போட்டிருந்த விஷயமே தெரிந்திருக்காது.